உடையாத படம்

பெங்களூரில் எல்லோரும் சிக்னல் கிடைக்கிற இடம் தேடி மொட்டை மாடிக்கும் ஜன்னலோரத்துக்கும் அலைந்துகொண்டிருக்க, சிக்னல் கிடைக்காத இடம் தேடி அலைவதே பார்கவிக்கு வேலை. அப்படியோர் இடம் அகப்பட்டுவிட்டால் அங்கேயே நின்றுகொண்டு, கையிலிருக்கும் இரண்டு போன்களையும் ஒன்றோடொன்று வீடியோ காலில் பேசவிட்டு, வருகிற படம் என்ன பாடு படுகிறது என்று பார்த்து மார்க் போட வேண்டும். முகம் தெளிவாக இருக்கிறதா, குரல் அறுபடாமல் வருகிறதா, படம் சதுரம் சதுரமாக உடைகிறதா, இதெல்லாம்தான் கேள்வி. இதற்கு வைட்ஃபீல்டில் வீடியோ கால் செயலி செய்கிற ஒரு கம்பெனி அவளுக்குச் சம்பளம் கொடுத்தது. கான்ட்ராக்ட் சம்பளம். கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டைக்குப் பச்சை நாடா. நிரந்தர ஆட்களுக்கு நீல நாடா. பச்சை நாடாக்காரர்களுக்கு ஆபீஸ் பஸ் கிடையாது. மெட்ரோவிலும் பி.எம்.டி.சி. பஸ்ஸிலும் இடிபட்டுத்தான் போவாள். அதுவும் நல்லதற்குத்தான், கூட்டம் இடிக்கிற இடத்தில்தானே சிக்னல் சாகிறது என்று அவளுடைய மேலாளர் டேரில் ஒருமுறை சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள்.

அவள் கண்டுபிடித்த இடங்களில் பேர் போனது அவள் பிறந்து வளர்ந்த ஒக்கலிபுரம். அங்கே ரயில் பாதைக்கு அடியில் போகிற சாலைக்குள் நுழைந்தால் போனில் இருக்கும் கோடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். அந்த நேரம் பார்த்து மேலே ரயில் வேறு போனால் கேட்கவே வேண்டாம். கம்பெனியில் அதற்கு 'ஒக்கலிபுரம் டெஸ்ட்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள்கூட நாக்கைச் சுளுக்கிக்கொண்டு அந்தப் பேரைச் சொல்வார்கள். தண்ணீர் லாரிக்குக்கூட வழி தெரியாத தெருவின் பேர் கண்ணாடிக் கட்டடத்தில் அடிபடுகிறதே என்று பார்கவிக்கு ஒரு பெருமை. எதற்காக அடிபடுகிறது என்பதை மட்டும் வீட்டில் சொல்லிக்கொள்ளவில்லை.

டேரில் கெட்டவன் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது; பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு அவன் மேல் பாய்வது ரொம்பச் சுலபம். ஃப்ரேசர் டவுனில் வளர்ந்தவன், வீட்டில் தமிழ் பேசுகிறவன், பச்சை நாடாவோடு உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்படாதவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்கவிக்கு விஷயத்தைக் கல்யாணப் பந்தியை வைத்துத்தான் விளக்கினான். படத்தை மொத்தமாக அனுப்பினால் வழியில் எது தொலையும் என்று சொல்ல முடியாது. அதனால் அடுக்கு அடுக்காகப் பிரித்து அனுப்புகிறோம். அடி அடுக்கு சோறும் சாம்பாரும் மாதிரி, எல்லா இலைக்கும் போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும். அதற்கு மேலே கூட்டு, பொரியல், அப்பளம். கூட்டம் அதிகமாகிவிட்டால் அப்பளத்தை நிறுத்திக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சோற்றை நிறுத்தினால் பந்தியே எழுந்து போய்விடும்.

சோறு என்பது குரலும் முகமும். அவற்றை இரண்டு தடவை அனுப்பு, தொலையவே கூடாது. மற்றதெல்லாம் வந்தால் வரட்டும். வராத துண்டுக்குப் பதிலாகக் கொஞ்சம் முன்னால் வந்த பழைய துண்டை எடுத்து ஒட்டிவிடு. பின்னால் தெரிகிற சுவர், நாற்காலி, சட்டை, கை எல்லாம் இந்த மற்றதில் சேர்த்தி. முந்தைய செயலிகளில் ஒரு துண்டு தொலைந்தால் படம் சதுரமாக உடைந்து பல்லைக் காட்டும். இதில் உடையவே உடையாது. பார்கவியும் அவளைப் போன்ற மற்ற பச்சை நாடாக்களும் உடைந்த படத்துக்குக் குறைந்த மார்க்கும் உடையாத படத்துக்கு நல்ல மார்க்கும் போட்டுப் போட்டே டேரிலை இந்த வழிக்குக் கொண்டுவந்தார்கள் என்றும் சொல்லலாம்.

இனி அவளுடைய அண்ணன் உத்தமன். அப்பா அப்பாதுரை ரயில் பெட்டி கழுவுகிற வேலையில் இருந்து, அதிலேயே உடம்பைக் கெடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவர். அம்மா ரத்தினம்மாள் மல்லேஸ்வரத்தில் ஒரு நர்ஸிங் ஹோமில் ஆயா. பார்கவி என்ற பேரே அங்கே பிரசவம் பார்த்த கன்னட டாக்டரம்மாவின் பேர்தான். உத்தமனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் காது போயிற்று. காது கேளாதோர் பள்ளியில் போட்டார்கள். அங்கே வகுப்பில் கையை அசைத்தால் ஸ்கேல் அடி. கையை மடியில் வை, வாயால் பேசு என்பது டீச்சரின் சட்டம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், டீச்சர்கள் இல்லாத இடத்தில், பெரிய பையன்களிடமிருந்து அவன் கைமொழியைக் கற்றுக்கொண்டான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதை அப்படியே தங்கைக்குக் கொடுத்தான். புருவத்தை ஒரு விரலால் தொட்டால் பார்கவி என்று அர்த்தம். அங்கே அவளுக்கு ஒரு தழும்பு உண்டு. உலகத்தில் அந்தப் பேரால் அவளைக் கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான்.

அதற்குப் பலனாக அவள் அவனுக்கு வாயாகிப் போனாள். பேங்குக்கும் ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவள் போக வேண்டும். தெருவில் எவனாவது சண்டைக்கு வந்தால் அவன் திட்டுவதை அண்ணனுக்கும், அண்ணன் திட்டுவதை அவனுக்கும் சொல்ல வேண்டும். ஒருமுறை பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் வீட்டார் வேண்டாம் என்பதை ரொம்ப நாசூக்காகச் சொன்னார்கள். கைமொழியில் அந்த நாசூக்கை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்கிறார்கள் என்று பட்டென்று சொல்லிவிட்டாள். அவன் முகம் போன போக்கை மறக்க அவளுக்கு ரொம்ப நாள் ஆயிற்று. அன்றைக்கே அவளுக்கு அந்த வாய் வேலை அலுத்துவிட்டது. அலுத்துவிட்டது என்று வெளியே சொல்ல முடியாத வேலை அது.

எல்லாவற்றையும் ஒரு வேலை சரிப்படுத்தியது. வைட்ஃபீல்டுக்கு அப்பால் ஆன்லைன் கடை ஒன்றின் பெரிய கிடங்கில் காது கேளாதவர்களை எடுத்தார்கள். உத்தமன் போய்ச் சேர்ந்தான். பார்சல் வண்டிகள் வெளியே போகிற கேட்டில் நின்று, ஒவ்வொரு வண்டியையும் சரிபார்த்த பிறகே கேட்டைத் திறக்கிற வேலை. கொஞ்ச நாளில் நிரந்தரமும் ஆக்கினார்கள். வீட்டில் நீல நாடா அவனுக்குத்தான். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., தீபாவளிக்கு ஒரு பெட்டி இனிப்பு எல்லாம் வந்தன. அவன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தங்கைக்கு வீடியோ கால் போட்டு, இன்றைக்குக் கேன்டீன் சாம்பாரில் பருப்பு இருந்ததா இல்லையா என்று கையால் விவரமாகச் சொல்வான். அந்த நிரந்தர வேலையை நம்பித்தான் ரத்தினம்மாள் மறுபடியும் பெண் தேடி, ஓர் இடத்தில் பேசியும் முடித்தாள்.

அந்தச் சமயத்தில் டேரிலுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. படத்தைப் பிரித்து அனுப்புகிற கணக்கைச் சீர்ப்படுத்த, ஒரே ஆள் பேசுகிற மாதிரியான வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். உலகத்தில் எல்லோரும் பயன்படுத்துகிற வீடியோக்களில் இருப்பதெல்லாம் வெள்ளைக்காரர்கள். நம்மவர் கறுத்த முகம் குறைந்த வெளிச்சத்தில் எப்படிப் போகிறது என்று அதில் தெரியாது. அதனால் நம் ஆள் ஒருவரை உட்காரவைத்து எடுக்கலாம் என்றான். ஆபீஸில் பலரை வைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் மூக்கைச் சொறிகிறார்கள், கையை ஆட்டுகிறார்கள், சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்துவிடுகிறார்கள். பார்கவிதான் அண்ணனின் பேரைச் சொன்னாள். சும்மா உட்கார் என்றால் கல்லுப் பிள்ளையாராக உட்காருவான் என்றாள். கையில் கொஞ்சம் காசும் வரும், அண்ணன் தன் ஆபீஸையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று நினைத்தாள்.

உத்தமன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்ததும் இந்த இடம் ரொம்பக் குளிர்கிறது என்று கையால் சொன்னான். டேரில் பார்கவியிடம் கையை மட்டும் அசைக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னான். கை அசைந்தால் அந்த இடத்துக்கு நிறைய அனுப்ப வேண்டியிருக்கிறது, முகத்துக்கு மிஞ்சுவது குறைந்துவிடுகிறது. கையை மடியில் வை, பேசுகிற மாதிரி வாயை மட்டும் அசை என்று பார்கவி அண்ணனுக்குச் சொன்னாள். அவன் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தான். பிறகு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த மாதிரியே கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். என்ன பேச என்று கேட்கக்கூட அவனுக்குக் கை இல்லை. வாயை அசைத்தான். குரல் வேண்டுமே என்று பிற்பாடு கிரண் என்கிற பையனைப் பேசவிட்டு அந்த வாய்க்குச் சேர்த்துக்கொண்டார்கள். கிரணுக்கு ரேடியோவில் வருகிற மாதிரி குரல்.

டேரிலுக்குச் சந்தோஷம் தாளவில்லை. அந்த வீடியோ அவர்களுடைய அளவுகோலாகிப் போனது. உத்தமன் முகம் ஒக்கலிபுரத்துப் பாலத்தடியிலும் உடையாமல் வருகிறதா என்பதுதான் சோதனை. மாதக்கணக்கில் பார்கவி அந்தச் சாலையோரத்தில் நின்று, ஆட்டோப் புகையில், தன் அண்ணன் முகத்தைப் பார்த்து மார்க் போட்டாள். கடைசியில் உடையாமல் வந்தது. கைக்குப் பழைய துண்டையே ஒட்டினார்கள் என்றாலும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மடியில் இருந்த கை மடியிலேயே இருந்தது.

செயலி விற்பனைக்கு வந்தது. வாங்கின பெரிய கம்பெனிகளில் உத்தமன் வேலை பார்த்த கிடங்கின் கம்பெனியும் ஒன்று. அதற்குப் பிறகுதான் அவள் தன் வேலையைப் பற்றி வீட்டில் பெருமையாகப் பேசினாள். இனி உன் வேலையிடத்திலும் என் படம்தான் ஓடும் என்று அண்ணனிடம் பீற்றிக்கொண்டாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் சரிபார்க்காத பார்சல் வண்டி ஒன்று கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. போனது போனதுதான், வண்டி திரும்ப அகப்படவில்லை. கேட்டில் நின்றவன் உத்தமன். அவன் வீட்டில் சொன்னது இது: ஷிப்ட் சூப்பர்வைசர் ஹரிஷ் வந்து அவசரம், திற என்று சைகை காட்டினார், பார்க்காமல் திறக்க மாட்டேன் என்று நான் மறுத்தேன், அவரே தன் அட்டையைத் தேய்த்துத் திறந்துவிட்டார். ஹரிஷ் தனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டார். காமிரா அந்த மூலையைப் பார்க்கவில்லை; கேட்டில் இருந்த கருவியும் யார் அட்டை என்று பதிந்துவைக்கிற வகை இல்லை. ஆக விசாரணை என்று வைத்தார்கள். விசாரிக்கிற அதிகாரி டில்லிப் பக்கம். கைமொழியை மொழிபெயர்க்கிற அம்மாள் இந்தூரில். உத்தமன் கிடங்குக்குள்ளேயே தகர ஷெட் போட்ட ஓர் அறையில், எதிரே நிறுத்திய போனுக்கு முன்னால். எல்லோரும் வீடியோவில்.

பக்கத்தில் வந்து உட்கார் என்று அவன் தங்கையைக் கேட்டான். எப்போதும் போல் வாயாக இரு என்று கேட்டான். அன்றைக்கு அவளுக்கு ஆபீஸில் வேலை இருந்தது என்பது உண்மைதான். ஆனால் கேட்டால் லீவு கிடைத்திருக்கும் என்பதும் உண்மை. மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார், செயலி நான் பார்த்த செயலி, உன் முகம் ஒரு துளி உடையாது, நான் எதற்கு என்று அவள் கேட்டாள். ரத்தினம்மாள் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா பாப்பா, அவனுக்கு வாயா இருந்து சலிச்சுப் பூட்ச்சா?" என்றாள். பார்கவிக்குச் சுருக்கென்றது. சலித்துத்தான் போயிருந்தது. அதனால்தான் கோபமாக, அவன் என்ன சின்னப் பிள்ளையா என்று பதிலுக்குக் கத்திவிட்டு இரண்டு போன்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சாயங்காலம் உத்தமன் சிரித்த முகமாக வந்தான். வழியில் பஜ்ஜி வாங்கி வந்திருந்தான். இந்தூர் அம்மாளின் கை கண்ணாடி மாதிரி தெரிந்தது, கேட்டதெல்லாம் புரிந்தது, எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன் என்றான். ஹரிஷ் அட்டை தேய்த்ததைக் கையால் மறுபடி செய்து காட்டினான். பார்த்தாயா, நான் சொன்னேனே என்று பார்கவி அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். பஜ்ஜியில் இரண்டை அதிகமாகவே தின்றாள்.

அடுத்த வாரம் அவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகச் சொன்னார்கள். விசாரணையில் தான் கேட்டைத் திறந்ததை அவனே ஒப்புக்கொண்டான் என்பது காரணம்.

அங்கே பணியாளர் விவகாரங்களைப் பார்க்கிற அனுஷா என்ற பெண் கோயம்புத்தூர்க்காரி. நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். அண்ணனையும் தங்கையையும் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சந்தேகம் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விசாரணையின் பதிவைப் போட்டுக் காட்டினாள். பார்கவி பார்த்தாள். உத்தமன் முகம் பளிச்சென்று இருந்தது. கேட்டை நீங்கள்தான் திறந்தீர்களா என்று கேள்வி போகிறது. உத்தமன் தலையை மேலும் கீழும் ஆட்டுகிறான். அது அவன் வழக்கம். என்ன கேட்டாலும் முதலில் தலையாட்டுவான், கேள்வி புரிந்தது என்று அதற்கு அர்த்தம். பதில் அதற்குப் பிறகு கையில் வரும். கடைசியில் விரித்த கை நெஞ்சுக்கு நேராக ஆடி, இல்லை என்று முடிக்கும். திரையில் தலை ஆடியது. கை வரவில்லை. கை மடியில் பதவிசாகக் கிடந்தது. இந்தூர் அம்மாள் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, ஆமாம் என்கிறார் என்றாள். அவள் மேல் என்ன தப்பு? அவள் கண்டதைச் சொன்னாள்.

அடுத்த கேள்வி, அதற்கும் ஒரு தலையாட்டல், மடியில் கை. உத்தமன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, தன் கையைத் திரையில் இருந்த கையிடம் நீட்டி, இது நான் இல்லை என்கிற மாதிரி தங்கையைப் பார்த்தான். அவளுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. அவள் திரையில் அவனுடைய தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் தோளின் ஓரம் மட்டும் ஒழுங்காக வந்திருந்தது. அந்தத் தோள் ஏறுகிறது, இறங்குகிறது, படபடவென்று துடிக்கிறது. தோள் அப்படி ஆடினால் கை எப்படிச் சும்மா கிடக்கும்? தகர ஷெட்டுக்குள் அவன் கையால் கத்தியிருக்கிறான். அதில் ஒரு துண்டுகூடப் போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் பதிலாக, கேள்விக்குக் காத்திருந்தபோது மடியில் வைத்திருந்த கையைச் செயலி எடுத்து ஒட்டியிருக்கிறது.

பார்கவி இதையெல்லாம் அனுஷாவிடம் கொட்டினாள். தோளைக் காட்டினாள். அனுஷா திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள், நிஜமாகவே பார்த்தாள்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க. ஆனா படம் எங்கயுமே உடையலையேங்க" என்றாள்.

சதுரமாக உடைந்து தொலைத்திருந்தால் இந்தூர் அம்மாளே இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டிருப்பாள். உடையாமல் வந்ததுதான் குடியைக் கெடுத்தது. தங்கை சொல்வதை மட்டும் வைத்து எதையும் மாற்ற முடியாது, செயலி செய்த கம்பெனியே இந்தப் பதிவில் கையை நம்ப முடியாது என்று எழுதிக் கொடுத்தால் மறுவிசாரணைக்கு நான் கேட்கிறேன் என்றாள் அனுஷா. அது நியாயமான பேச்சு. பார்கவிக்கு உயிர் வந்தது.

மறுநாள் காலையில் டேரிலின் மேஜைக்கு முன்னால் போய் நின்று, சார் என்றாள். பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று அவன் சொல்லி, அவளும் அப்படியே பழகியிருந்தாள். சார் என்றதும் அவன் காதிலிருந்த கருவியைக் கழற்றினான். கிடங்கு அறையில் அன்று நெட்வொர்க் எப்படி இருந்தது என்பதற்கான விவரம் அவர்களிடமே இருந்தது: ஷெட்டுக்குள் வருகிற லைன் நன்றாக இருந்தது, அங்கிருந்து வெளியே போகிற லைன்தான் செத்திருந்தது. பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் அவளுக்கு இன்னும் கசப்பாக இருந்தது. புரியாத ஆளாக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். அந்தக் கைப் படங்களை எங்கிருந்தாவது எடுக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றான். போய்ச் சேராதது எங்கேயும் இல்லை.

"லைன் வீக்கா இருந்தா எதையாச்சும் கீழ போட்டே ஆவணும் பார்கவி. முகத்தையா போட முடியும்?"

"நீங்க அப்பளம்னு சொன்னீங்களே சார், எங்கண்ணனுக்கு அதான் சோறு" என்றாள்.

டேரில் ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டான். கைமொழிக்காரர்களுக்கென்று கையையும் சோற்றோடு சேர்க்கிற ஒரு வசதி வைக்கலாம், அது பெரிய கஷ்டமில்லை, எழுதி வைக்கிறேன் என்றான். எழுதியும் வைத்தான். அது முதலில் அடுத்த பதிப்புக்கு என்றும், பிறகு அதற்கடுத்த பதிப்புக்கு என்றும் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டு யாரும் காத்திருக்கவில்லை என்றார்கள்.

அனுஷா கேட்ட கடிதத்தைப் பற்றி அவள் சொன்னபோதுதான் அவன் முகம் மாறியது. மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்று போனான். கேட்டுவிட்டு வந்து, அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அப்படி ஒரு லெட்டர் குடுத்தா, நம்ம படம் பொய் சொல்லும்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்னு சொல்றாங்கமா. இவ்ளோ பேரு வாங்கியிருக்காங்க. நம்ம டெஸ்ட்ல எல்லாம் நல்லாதானே வந்துது."

நல்லாத்தான் வந்தது. அந்த மார்க்கைப் போட்டவளே அவள்தான். இதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பார்கவிக்குக் கழுத்திலிருந்த பச்சை நாடாவை அறுத்து அந்த மேஜை மேல் எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. எறிந்தால் வீட்டில் அம்மாவின் ஆயா வேலை ஒன்றுதான் மிச்சம். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, அன்றைக்குப் பார்க்க வேண்டிய படங்களுக்கு மார்க் போட்டாள்.

வீட்டில் அண்ணனுக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் வாய் வேலைதானே. அடுக்கு, முகம், இரண்டு தடவை அனுப்புவது, பழைய துண்டை ஒட்டுவது எல்லாவற்றையும் கையால் சொன்னாள். உத்தமன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். கை வேண்டாம் என்று யார் முடிவு செய்தது என்று கேட்டான். டேரில் என்றாள். கொஞ்சம் பொறுத்து, நாங்கள் எல்லோரும் என்றாள். நீ அதற்கு என்ன மார்க் போட்டாய் என்று கேட்டான். அவள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். அவன் கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. எழுந்து போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் படுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் மத்தியானத்தில் வீடியோ கால் போடுவதில்லை. யஷ்வந்த்பூர் மண்டியில் மூட்டை இறக்கப் போகிறான். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. அங்கே யாருக்கும் கைமொழி தெரியாது, தெரியவும் வேண்டாம். முதுகைத் தட்டினால் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். பேசி முடித்திருந்த பெண் வீட்டார் இந்தத் தடவை நாசூக்குகூடப் பார்க்கவில்லை. அதையும் பார்கவிதான் சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அம்மாவைக் கூட்டிவர மல்லேஸ்வரம் போனார்கள். வேலை முடிய நேரமிருந்ததால் எட்டாவது கிராஸ் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தார்கள். பூக்காரிகளுக்கு எதிரே ஒரு போன் கடை. புதிதாக வந்த போனில் அந்தச் செயலியை முன்கூட்டியே போட்டுக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஆளுயரத் திரையில் விளம்பரம் ஓடியது. முதலில் ஒரு பாலத்தடி, ஆட்டோப் புகை. பிறகு உத்தமன் முகம். இஸ்திரி போட்ட சட்டை. ஒரு மயிரிழை உடையாமல், வியர்வைத் துளிகூடத் தெரிகிற தெளிவில், கையை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். கடைக்கு வெளியே மாட்டியிருந்த ஸ்பீக்கரில் கிரணின் குரல் தெருவுக்கே கேட்டது. கடை வாசலில் நின்ற ஒரு தம்பதி, எவ்வளவு க்ளியராக இருக்கிறது பாருங்கள் என்று கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள்.

பார்கவி அண்ணனின் முழங்கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவன் வரவில்லை. விளம்பரம் முடிந்து மறுபடி பாலத்தடியிலிருந்து ஆரம்பிக்கிறவரைக்கும் நின்றான். மறுபடி அவன் முகம் வந்தது. அவன் தங்கையின் பக்கம் திரும்பி, அவள் புருவத்தைத் தன் விரலால் தொட்டு, திரையைக் காட்டினான். அதில் நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டான்.

பொய் சொல்லலாமா என்று அவளுக்குத் தோன்றியது. போன் நல்ல போன் என்கிறாய் என்று சொன்னால் முடிந்து போகிற விஷயம். ஆனால் அவனுக்குப் போய்ச் சேருகிற சொல்லை இனி யாரும், தானும், மாற்றக் கூடாது என்று அவள் மனதுக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டிருந்தது. கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஸ்பீக்கரில் வருகிற ஒவ்வொரு சொல்லையும், ஒன்றைக்கூடத் தள்ளாமல், கையால் சொன்னாள். எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நீங்கள் சொல்வது எனக்கு நன்றாகக் கேட்கிறது. நான் சொல்வது உங்களுக்கு வந்து சேருகிறதா?

உத்தமன் தலையை மேலும் கீழும் ஆட்டினான். கேள்வி புரிந்தது என்று அர்த்தம். பதில் அதற்குப் பிறகு வரும். பார்கவி அவன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூக்காரி ஒருத்தி வழி விட்டு நில்லும்மா என்று சொல்லிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனாள். கை அவன் தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அது எழவில்லை.